புதுப்பிப்பு: ஃபிரெட் தேய்ந்த கிற்றாரின் இரைச்சல் தீர்ந்தது

கிளிநொச்சியிலிருந்து மீண்டும் நான். என் பழைய கிற்றாரில் முதல் 3 ஃபிரெட்டிலும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) கம்பி பதிந்து பள்ளமாகி, பிடித்தால் இரைகிறது என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

கம்பியை உயர்த்திப் பார்த்தேன், விரல் நொந்ததுதான் மிச்சம். "ஃபிரெட்டை மாற்ற வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு மட்டமாக்குங்கள்" என்ற மாங்குளம் அண்ணாவின் யோசனைதான் சரிவந்தது. கழுத்தை நேராக்கி, மரத்தை டேப்பால் மூடி, ஃபிரெட் தலைகளில் மார்க்கர் பூசி, எல்லாவற்றிலும் மை அழியும்வரை மட்டமான கட்டையில் சுற்றிய அரத்தாளால் தேய்த்தேன். அப்புறம் தட்டையான தலைகளைச் சிறு அரத்தால் மீண்டும் வளைவாக்கினேன். இதை விட்டுவிடாதீர்கள், சுருதி பிசகும்.

எதிர்பாராதது ஒன்று: 5ஆவது ஃபிரெட்டின் முனை கிளம்பியிருந்தது. அதை அழுத்தி, சூப்பர் குளூ விட்டு, மறுபடி மட்டமாக்க வேண்டியதாயிற்று. முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். மரத்தில் விழுந்த விரல் பள்ளங்களை அப்படியே விட்டுவிட்டேன். கம்பி அமர்வது ஃபிரெட்டில்தான், அதனால் ஒலி கெடவில்லை.