இழை: பி.எஃப்.டி.க்குத் தமிழ்ச்சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

மடல் 1 – மொழிபெயர்ப்பாளர், ரொறன்ரோ

குழுவினருக்கு வணக்கம். ஒன்ராறியோ ஏரிகளில் கயாக் (ஒடுங்கிய துடுப்புப் படகு) ஓட்டுவோருக்கான தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. லைஃப் ஜாக்கெட், பி.எஃப்.டி. (பர்சனல் ஃப்ளோட்டேஷன் டிவைஸ், நீரில் மிதக்க உடம்பில் அணிவது) இரண்டுக்குமே வரைவில் 'உயிர்காப்பு அங்கி' என்று இருக்கிறது. கனடாவில் இவை வேறு வேறு. என்ன செய்யலாம்?

மடல் 2 – கயாக் பயிற்றுநர்

ஒரே சொல் ஆபத்து. லைஃப் ஜாக்கெட் நினைவிழந்தவரையும் முகம் மேலே வரும்படி புரட்டுவதற்காகச் செய்தது. கனடாவில் சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் நிறங்களில்தான் வரும். மார்பில் நுரை தடித்திருப்பதால் துடுப்பு வலிக்கத் தோள் சுழலாது. பி.எஃப்.டி. இடுப்புக்கு மேலேயே நின்றுவிடும், கைத்துளையும் அகலம். கயாக்குக்கு அதுதான் வசதி. ஆனால் குப்புறக் கிடப்பவரைப் புரட்டும் என்று நம்பக்கூடாது. 'உயிர்காப்பு' என்று போட்டால் அதையும் செய்யும் என்று படிப்பவர் நினைப்பார்.

மடல் 3 – தமிழாசிரியர், மதுரை

வள்ளுவரே தந்துவிட்டார்: 'இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்' (306). ஏமம் பாதுகாப்பு, புணை மிதப்பது. 'ஏமப்புணை' என்றே வையுங்கள். புணை பிணையோடு உறவுடைய சொல்; ஜாமீன் என்ற பொருளும் அதற்கு உண்டு. உயிருக்கு ஜாமீன் நிற்பது புணை!

மடல் 4 – சென்னை

ஐயா, கரையில் நிற்பவருக்கு அகராதி தேவைப்படும் சொல் கையேட்டுக்கு உதவாது. லைஃப் ஜாக்கெட் என்றே விடலாமென்றால், இங்கே ஜாக்கெட் என்பது ரவிக்கை. 'மிதவைச் சட்டை' எல்லோருக்கும் புரியும்.

மடல் 5 – தமிழாசிரியர்

புறநானூறு 215-இல் 'ஆய்மகள் அட்ட அம்புளி மிதவை' வருகிறது. அங்கே மிதவை கூழ். 'மிதப்பு' என்று மாற்றினாலோ பேச்சுவழக்கில் அது தலைக்கனம். உடைக்கு முல்லைப்பாட்டில் நல்ல சொல் இருக்கிறது. யவனர் அணிந்தது 'மெய்ப்பை'. 'புணைமெய்ப்பை' எனலாமே?

மடல் 6 – கயாக் பயிற்றுநர்

ஐயா, உங்கள் இரண்டாவது யோசனையில் ஒரு நல்ல குணம்: அது உடம்பில் இருப்பதைச் சொல்கிறது. 'ஏமப்புணை' படகில் கட்டிவைத்து, விழுந்தபின் எட்டிப் பிடிக்கும் பொருள்போல் ஒலிக்கிறது. அது நடக்காது. மே மாதம் வெயில் இதமாக இருக்கும்போதும் சுப்பீரியர் ஏரி நீர் 5 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும். 15 பாகைக்குக் கீழே எந்த நீரில் விழுந்தாலும் முதல் நொடியில் மூச்சு தானாக உள்ளே இழுக்கும். அப்போது வாய் நீருக்கடியில் இருந்தால் உள்ளே போவது தண்ணீர். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 கணக்கு இதுதான்: திணறும் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். விறைத்த விரலால் கொக்கி மாட்ட முடியாது. ஆகவே அணிவதைக் குறிக்கும் சொல் கட்டாயம்.

மடல் 7 – யாழ்ப்பாணம்

'சட்டை' வேண்டாம் அண்ணா. எங்கட ஆக்களுக்குச் சட்டை என்றால் பெண்பிள்ளைகள் போடும் கவுன். ஆண்கள் போடுவது சேட்டு. ரொறன்ரோவில் இதைப் படிக்கப்போவது பெரும்பாலும் எங்கட ஆக்கள்தானே. 'உயிர்காப்பு அங்கி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கு. மற்றதை 'மிதவை அங்கி' ஆக்குங்கோ.

மடல் 8 – மொழிபெயர்ப்பாளர்

நேரமில்லை, பெரும்பான்மை 'மிதவை அங்கி' பக்கம். கடைச்சீட்டில் இருப்பது அதுதான் என்பதால் சொல் முதன்முறை வரும் இடத்தில் 'பி.எஃப்.டி.' என்றும் சேர்க்கிறேன். அணியும் முறை இப்படிச் சரியா: இடுப்புப் பட்டை முதலில், பிறகு பக்கப் பட்டைகள், கடைசியில் தோள்?

மடல் 9 – கயாக் பயிற்றுநர்

சரி. ஒரு வரி கூட்டுங்கள்: இன்னொருவர் பின்னால் நின்று தோள்பட்டையைத் தூக்கிப் பார்க்கவேண்டும். முகவாய்வரை ஏறினால் இறுக்க வேண்டும். இறுக்கியும் ஏறினால் அளவு பெரிது. காற்று நிரம்பும் வகையை 16 வயதுக்குக் கீழுள்ளவர்களும் 36.3 கிலோவுக்குக் குறைந்தவர்களும் அணியக்கூடாது என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

மடல் 10 – தமிழாசிரியர்

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் அங்கி வடமொழி 'அங்க'த்தின் வழி வந்தது. என் வாக்கு இன்னும் மெய்ப்பைக்கே. அடுத்த பதிப்பின் சொல்லடைவில் ஒரு வரி கொடுங்கள்.