பொங்கலுக்குக் கையால் வாழ்த்து அட்டை: ஸ்டாம்ப் திட்டுத்திட்டாக விழுகிறது, டை நடுவில் வெட்டவில்லை

வைகறை (கோவை):

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பொங்கலுக்கு நானே அட்டை செய்து தபாலில் அனுப்பலாம் என்று இருக்கிறேன். அத்தைகள், சித்தப்பா வீடு, கல்லூரித் தோழிகள் என்று பட்டியல் போட்டால் 25 பேர் வருகிறார்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது மார்கழி பாதியிலேயே கடை வாசலில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிடுவார்கள், கரும்பும் பானையும் ஒரு வரிசை, சினிமா நடிகர்கள் ஒரு வரிசை, யாருக்கு எது பிடிக்கும் என்று யோசித்து யோசித்து எடுப்போம். இப்போது ஒரே படம் வாட்ஸ்அப்பில் நூறு பேருக்குப் போகிறது. எனக்கு அது போதவில்லை.

கையில் இருப்பது: பூ, இலை, மண்பானை உள்ள ஒரு கிளியர் ஸ்டாம்ப் செட் (மை தொட்டு அடிக்கும், கண்ணாடி போலத் தெரியும் அச்சுகள்), வட்டம் செவ்வகம் டைகள் (காகிதத்தை அந்த உருவத்தில் வெட்டும் உலோக அச்சுகள்), கோலம் போல நுணுக்கமான ஒரு மண்டலா டை, கையால் சுற்றும் சின்ன டை கட்டிங் மெஷின், ஆல்கஹால் மார்க்கர்கள், 12 அங்குலச் சதுரப் பேட்டர்ன் பேப்பர் (பூ, கோடு என்று அச்சிட்ட தாள்) கொஞ்சம்.

இனி என் தொல்லைகள். பானை ஸ்டாம்ப் கோட்டுப் படம் இல்லை, முழுக்க நிறைந்த உருவம். அடித்தால் நடுவில் வெள்ளைத் திட்டு விழுகிறது. பூ நன்றாக விழுகிறது, ஆனால் அதற்கு மார்க்கரால் நிறம் கொடுத்தால் கறுப்புக் கோடு கரைந்து மஞ்சளோடு இழுத்துக்கொண்டு போகிறது. மண்டலா டை வெளிவட்டத்தை அழகாக வெட்டுகிறது, உள்ளே இருக்கும் வேலைப்பாடு மட்டும் அழுந்துகிறதே தவிர வெட்டுவதில்லை. பேட்டர்ன் பேப்பர் ஒவ்வொன்றும் தனியாகப் பார்க்க அவ்வளவு அழகு, அட்டையில் வைத்தால் கண்ணை அடைக்கிறது. அப்புறம் தமிழில் வாழ்த்து எழுதிய ஸ்டாம்ப் எங்கேயும் கிடைக்கவில்லை. வேறு மெஷின், வேறு மை என்று வாங்கத்தான் வேண்டுமா, இருப்பதை வைத்தே சமாளிக்கலாமா?

மைப்பெட்டி (சென்னை):

வைகறை, மெஷின் எல்லாம் வாங்க ஓடாதீர்கள். முதல் இரண்டு தொல்லையும் ஸ்டாம்பில் இல்லை, காகிதமும் மையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததில் இருக்கிறது. ஸ்டாம்பும் டையும் ஆசை ஆசையாக வாங்கிக் குவித்துவிட்டு, காகிதம் என்று வரும்போது மட்டும் பக்கத்துக் கடை சார்ட் அட்டை போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது, ஏனென்றால் மற்ற எல்லா உழைப்பும் அந்தக் காகிதத்தின் மேல்தான் உட்காரப் போகிறது.

உங்கள் அட்டையை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் மை மேட்டில் மட்டும் ஒட்டும், பள்ளத்தில் இறங்காது. நிறைந்த உருவத்துக்கு மழமழப்பான வெள்ளைக் கார்ட்ஸ்டாக், அதாவது கனமான அட்டைக் காகிதம் வேண்டும், 250 முதல் 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கனம். கலர் கார்ட்ஸ்டாக்குகள் சிலவற்றில் ஒரு பக்கம் மட்டும் சொரசொரப்பு இருக்கும், மறுபக்கத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். சென்னை வரும் யாரிடமாவது சொல்லி பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வாங்கிவரச் சொல்லுங்கள், கல்யாணப் பத்திரிகைக் காகிதக் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது, தொட்டுப் பார்த்தே எடுக்கலாம்.

அடுத்தது ஸ்டாம்பின் மேல்பரப்பு. புதுக் கிளியர் ஸ்டாம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வழுவழுப்பு இருக்கும். மை பரவாமல் முத்து முத்தாக நிற்கிறதா? வெள்ளை அழிரப்பரால் ஸ்டாம்பின் முகத்தை லேசாகத் தேய்த்து, துடைத்துவிட்டு அடியுங்கள். ஸ்டாம்பைக் கொண்டுபோய் இங்க் பேடில் அழுத்தாதீர்கள். ஸ்டாம்பை அக்ரிலிக் பிளாக்கில் (கையில் பிடிக்கும் தெளிவான பிளாஸ்டிக் கட்டை) ஒட்டி முகத்தை மேலே பார்க்க வைத்து, இங்க் பேடைக் கையில் எடுத்து அதன் மேல் தட்டித் தட்டி ஒற்றுங்கள், எங்கே மை ஏறவில்லை என்று கண்ணுக்கே தெரியும். காகிதத்துக்கு அடியில் பழைய மவுஸ் பேட் ஒன்றைப் போடுங்கள். அப்படியும் திட்டு விழுந்தால் அதே இடத்தில் இரண்டாவது முறை அடிக்க வேண்டும். அதற்கென்றே மூடியும் காந்தமும் வைத்த கருவிகள் விற்கின்றன, மிஸ்டி என்பார்கள், விலை அதிகம். வீட்டில் பழைய சி.டி. டப்பா இருந்தால் அதுவே செய்யும்: உள்ளே மெல்லிய ஃபோம் ஷீட், அதன் மேல் காகிதம் மூலையோடு மூலை ஒட்டி, ஸ்டாம்பைத் தலைகீழாகக் காகிதத்தில் வைத்து மூடியை மூடினால் அது மூடியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு திறந்து மை ஒற்றி மூட வேண்டியதுதான், எத்தனை முறை அடித்தாலும் அதே இடத்தில் விழும்.

கோடு கரைவதற்குக் காரணம் மை. ஆல்கஹால் மார்க்கருக்கு அடியில் ஆல்கஹாலில் கரையாத மை வேண்டும். மெமெண்டோ கறுப்பு அதற்கென்றே பலரும் வைத்திருப்பது. அடித்துவிட்டு நன்றாகக் காயவிடுங்கள். ஸ்டேஸ்ஆன் என்ற மை நேர்மாறு: வாட்டர்கலர் போட்டால் அசையாது, ஆல்கஹால் மார்க்கர் பட்டால் கரைந்துவிடும். எந்த நீர்மத்தால் நிறம் கொடுக்கிறோமோ அதில் கரையாத மையால் கோடு அடிக்க வேண்டும், இதை மட்டும் மனதில் வையுங்கள். மையில் உங்களுக்கு வாங்க வேண்டியது மெமெண்டோ கறுப்பு ஒன்றுதான்.

புதுச்சேரி ஆசிரமத்துக் கைக்காகிதம் வைத்திருந்தால் அதில் கோட்டு ஸ்டாம்ப் அடிக்க வேண்டாம். பருத்தியில் செய்த காகிதம், கோடு விட்டுவிட்டு விழும். அதன் கிழிந்தாற்போன்ற ஓரம் அவ்வளவு அழகு, அதைப் பின்னணிக்கு வைத்துக்கொண்டு படத்தை வேறு காகிதத்தில் அடித்து ஒட்டுங்கள்.

தாழம்பூ (மதுரை):

டை பற்றி நான் சொல்கிறேன். வெளிவட்டம் வெட்டி நடுப்பகுதி வெட்டவில்லை என்றால் நடுவில் அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். மெஷினில் வைக்கும் பிளாஸ்டிக் தட்டுகளைக் கண் மட்டத்தில் பிடித்துப் பாருங்கள், வளைந்திருக்கும். திருப்பிப் போட்டு மாறி மாறிப் பயன்படுத்தினால் நிமிரும். கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருந்தாலும் டைக்கு அந்த இடத்தில் அழுத்தம் குறையும், அந்தப் பக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

அதன் பிறகும் வெட்டவில்லை என்றால் தட்டுக்கும் டையின் முதுகுக்கும் நடுவில் சாதாரண ஏ4 தாள் ஒன்று வையுங்கள். போதாவிட்டால் இன்னொன்று. கைப்பிடியைப் பலம் கொடுத்துத் திருக வேண்டி வந்தால் அங்கேயே நிறுத்தி ஒரு தாளை எடுத்துவிடுங்கள், தட்டு உடையும். டையின் கூரான பக்கம் காகிதத்தைப் பார்த்து இருக்கட்டும். நேராக வைக்காமல் சற்றுக் கோணலாக வைத்தால் எல்லாக் கோடும் ஒரே நேரத்தில் உருளைக்குள் போகாது, அழுத்தம் பங்காகும். ஒருமுறை போய்த் திரும்பியதும் தட்டோடு காற்பங்கு திருப்பி மறுபடி விடுங்கள், மெஷின் அகலம் இடம் கொடுத்தால்.

முக்கியமாகக் கேட்க வேண்டியது, என்ன கனக் காகிதத்தை வெட்டுகிறீர்கள்? மைப்பெட்டி சொன்ன 300 ஜி.எஸ்.எம். அட்டையின் உடம்புக்கு. மண்டலாவுக்கு 200 பக்கம் இருந்தால் போதும். டைக்கும் காகிதத்துக்கும் நடுவில் ஒரு துண்டு பட்டர் பேப்பர் வைத்துப் பாருங்கள், வெட்டியது டையில் மாட்டிக்கொள்ளாமல் கழன்று வரும். டையின் முதுகில் இருக்கும் துளைகள் வழியே குண்டூசியால் குத்தினால் சின்னத் துணுக்குகள் விழும்.

இவ்வளவு நுணுக்கமானதற்குப் பின்னால் பசை தடவுவது பெரிய பாடு, வெள்ளைப் பசை ஓரமெல்லாம் பிதுங்கும், மெல்லிய காகிதம் சுருளும். இரண்டு பக்கமும் ஒட்டும் ஷீட்டை வெட்டும் முன்பே காகிதத்தின் பின்னால் ஒட்டிவிடுங்கள். வெட்டி வந்ததும் உறையை உரித்தால் மண்டலாவே ஸ்டிக்கராகிவிடும். மண்டலா போனபின் மிஞ்சும் ஓட்டைக் காகிதத்தையும் எறியாதீர்கள், வட்ட ஜன்னலாக இன்னொரு அட்டைக்கு ஆகும்.

வைகறை (கோவை):

ரொம்ப நன்றி இருவருக்கும். தட்டு வளைந்துதான் இருந்தது. திருப்பிப் போட்டு ஒரு தாள் வைத்ததும் நடுவில் ஒரு துளி விடாமல் வெட்டுகிறது! சந்தோஷம் தாங்கவில்லை. மெமெண்டோ ஆர்டர் போட்டாயிற்று. பேட்டர்ன் பேப்பருக்கும் தமிழ் வாழ்த்துக்கும் யாராவது வழி சொல்லுங்களேன். இன்னொரு ஆசையும் உண்டு: காவி நிற அட்டையில் வெள்ளைக் கோலம். வெள்ளை மையால் ஸ்டாம்ப் அடித்தால் காய்ந்ததும் மங்கிப்போகிறது.

பனிப்பூ (டொராண்டோ):

தங்கச்சி, யூடியூப் பார்த்து அளவு எடுக்கிறீர்களா? அங்கே பெரும்பாலும் அமெரிக்க அளவு, 4¼ க்கு 5½ அங்குலம். இங்கே லெட்டர் தாளைப் பாதியாக்கி மடித்தால் அது வரும், கவரும் அதற்கே கடையில் இருக்கும். உங்களிடம் இருப்பது ஏ4. அதைப் பாதியாக வெட்டி மடித்தால் 10.5 க்கு 14.8 செ.மீ., அதுதான் ஏ6, சி6 கவருக்குள் சரியாக உட்காரும். ஊரில் செய்பவர்கள் அமெரிக்க அளவைப் பிடித்துக்கொண்டு ஏன் கஷ்டப்படுகிறார்கள் என்று எனக்கு விளங்குவதில்லை.

இந்த அளவை வைத்துக்கொண்டால் பேட்டர்ன் பேப்பர் கணக்கு சுலபம். முகப்பில் ஒரே நிற அட்டை 10.1 க்கு 14.4, அதன் மேல் பேட்டர்ன் பேப்பர் 9.7 க்கு 14. சுற்றிலும் 2 மி.மீ. ஓரம் தெரியும், அந்த ஓரம்தான் கண்ணுக்கு ஓய்வு. 12 அங்குலத் தாள் ஒன்றில் அகலத்தில் மூன்று, உயரத்தில் இரண்டு என்று 6 துண்டு வரும். 25 அட்டைக்கு 5 தாள் போதும், வெட்டும்முன் படம் நிமிர்ந்து நிற்கும் திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணை அடைக்கிறது என்றீர்களே, அது பெரும்பாலும் ஒரே அளவுப் பூக்கள் இரண்டு தாளில் மோதுவதால் வரும். பெரிய பூப்போட்ட தாள் ஒன்று என்றால் அதோடு பொடிப் புள்ளியோ மெல்லிய கோடோ போட்டது ஒன்று, மூன்றாவது வேண்டாம். புடவைக்கு ரவிக்கை எடுக்கும்போது உடலில் இருக்கும் ஒரு சின்ன நிறத்தைப் பிடித்து எடுப்போம் அல்லவா, அதேபோல் பெரிய பூவின் நடுவில் இருக்கும் நிறத்தில் ஓர அட்டையை எடுங்கள். ஸ்டாம்ப் அடித்த படத்தைப் பேட்டர்ன் மேல் நேராக ஒட்டாமல் வெள்ளை வட்டத்தில் வெட்டி, ஃபோம் டேப் வைத்துத் தூக்கி ஒட்டினால் படம் தனியாகத் தெரியும்.

ஓர அட்டையின் நடுப்பகுதி எப்படியும் மறையப் போகிறது. ஒட்டும்முன் அந்த நடுவிலிருந்தே மண்டலாவை வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள், டை அதற்குள் அடங்கினால். நிறமும் தானாகப் பொருந்தும், காகிதமும் மிச்சம்.

தபால்பெட்டி (திருச்சி):

பனிப்பூ அக்கா சொன்ன அந்த நடு வெட்டு தபாலுக்கும் உதவும். சாதாரணக் கடிதத்துக்கு முதல் படி 20 கிராம். 300 ஜி.எஸ்.எம். ஏ4 பாதித் தாளே 9 கிராமுக்கு மேல், அதன் மேல் ஓர அட்டை, பேட்டர்ன், ஃபோம், கவர் எல்லாம் சேர்ந்தால் 20ஐத் தொட்டுவிடும். உடம்புக்கு 250 எடுத்தால் நிம்மதி. முழுக்க முடித்த ஒரு அட்டையைக் கவரோடு தபால் அலுவலகத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு மற்ற 24ஐச் செய்யுங்கள். ஃபோம் ஒரு அடுக்குக்கு மேல் வேண்டாம், முத்து, கல் எல்லாம் ஒட்டினால் முத்திரை குத்தும்போது கவர் கிழியும். அவ்வளவும் வேண்டும் என்றால் கொஞ்சம் பெரிய கவரில் ஒரு அட்டைத் துண்டும் சேர்த்து அனுப்புங்கள். வெளிநாட்டுக்கு இருந்தால் அதை முதலில் முடியுங்கள்.

தமிழ் வாழ்த்துக்கு: அலுவலக முத்திரை செய்து கொடுக்கும் ரப்பர் ஸ்டாம்ப் கடைக்குப் போங்கள். "இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்" என்று கம்ப்யூட்டரில் அடித்தோ, இன்னும் நன்றாக, உங்கள் கையெழுத்தில் கறுப்புப் பேனாவால் எழுதியோ கொடுத்தால் அப்படியே செய்து தருவார்கள். எழுத்து உயரம் 5 மி.மீ.க்குக் குறைய வேண்டாம், பொடி எழுத்தில் ல், ழ் சுழியெல்லாம் மை அடைத்துக்கொள்ளும். மை உள்ளேயே ஊறியிருக்கும் வகை வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள், அதில் வேறு மை போட முடியாது. வெறும் ரப்பர் முகம், மரப்பிடி இருந்தாலும் பரவாயில்லை.

மைப்பெட்டி (சென்னை):

காவி அட்டையில் வெள்ளைக் கோலம் பற்றி. வெள்ளை மை காகிதத்தில் ஊறும், அதனால்தான் மங்குகிறது. வெர்சாமார்க் மாதிரி மெதுவாகக் காயும் ஒட்டும் மையால் அடித்து, ஈரம் இருக்கும்போதே வெள்ளை எம்பாசிங் பவுடரை (சூட்டில் உருகும் பொடி) தூவி, மிஞ்சியதைத் தட்டிக் கொட்டிவிட்டு ஹீட் கன்னால் (கடும் சூடான காற்றை ஊதும் கருவி) சுடுங்கள். பவுடர் உருகி மேடாக நிற்கும், அரிசி மாவுக் கோலத்தின் வெண்மை அப்படியே வரும். தபால்பெட்டி சொன்ன ரப்பர் ஸ்டாம்பை வைத்து வாழ்த்தையும் இப்படியே செய்யலாம். மண்டலாவை வெள்ளை அட்டையில் வெட்டிக் காவியில் ஒட்டினாலும் அழகுதான், ஆனால் கோலத்துக்கு அந்த மேடு தனி.

வைகறை (கோவை):

கடைசியாக ஒன்று. தங்கையிடம் எம்பாசிங் பவுடர் இருந்தது, வாங்கிச் செய்தேன். கோலம் பிரமாதம், ஆனால் சுற்றிலும் பொடிப்பொடியாக வெள்ளைத் துகள் ஒட்டிச் சுட்டதும் அப்படியே நின்றுவிட்டது. ஹீட் கன்னுக்குப் பதில் ஹேர் டிரையர் ஆகாதா?

மைப்பெட்டி (சென்னை):

ஆகாது, அதில் பவுடர் உருகும் அளவு சூடு வராது, காற்றுதான் பவுடரைப் பறக்கவிடும். துகள் ஒட்டக் காரணம் கையின் எண்ணெய்ப் பிசுக்கும் காற்றின் ஈரப்பதமும். ஸ்டாம்ப் அடிக்கும் முன் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை ஒரு பஞ்சில் தொட்டு அட்டை முழுக்க லேசாகத் தடவித் துடைத்துவிடுங்கள். எம்பாசிங் பவுடரைத் தட்டிய பிறகும் ஏதாவது துகள் தெரிந்தால் சுடுவதற்கு முன் காய்ந்த மெல்லிய தூரிகையால் தள்ளிவிடுங்கள், சுட்ட பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஹீட் கன்னை வெளியே பிடித்து நன்றாகச் சூடாக்கிக்கொண்டு, அட்டைக்கு அடிப்பக்கத்திலிருந்து காட்டுங்கள். பளபளப்பு வந்தவுடன் நகர்த்திவிட வேண்டும், அதற்கு மேல் சுட்டால் பவுடர் காகிதத்துக்குள் இறங்கி மேடு போய்விடும்.