"அஞ்சு லட்சம் விழுந்திருக்குலே, சொல்லாத": பெரியவர்களிடம் வந்த பரிசு அழைப்புகள், நம் அனுபவங்கள்

தென்காசிக்காரன்:

அப்பாவுக்கு 74 வயது. லாட்டரிச் சீட்டு அவருக்கு வெற்றிலை மாதிரி. அண்ணா ஆட்சியில் 1968இல் பரிசுச் சீட்டு வந்த காலத்து "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற வாசகத்தை இப்போதும் சொல்வார். 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்த பிறகு, மாதம் ஒரு தடவை பஸ் ஏறிப் புளியரை தாண்டிக் கேரளத்து ஆரியங்காவு போய்ச் சீட்டு வாங்கி வருவார். வீட்டில் யாரும் தடுத்ததில்லை.

போன வருஷம் முழங்கால் மோசமாகிவிட்டது, பஸ் ஏற முடியவில்லை. அந்த நேரம் பார்த்து பேஸ்புக்கில் ஒரு விளம்பரம்: கேரளா லாட்டரி இனி ஆன்லைனில், சீட்டு 49 ரூபாய். வாங்கியிருக்கிறார். வாட்ஸ்அப்பில் சீட்டுப் படம் வந்தது, நாலாம் நாள் ஐந்து லட்சம் விழுந்ததாக அழைப்பும் வந்தது.

பதிவுக் கட்டணம் 2,500. அப்புறம் ஜிஎஸ்டி 9,800. அப்புறம் வருமான வரி 24,000. மூன்றையும் பஜாரில் உள்ள ஜெராக்ஸ் கடையில் பணமாகக் கொடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது தடவை கடைப் பையன், "தாத்தா, யாருக்கு இவ்வளவு அனுப்புறீங்க?" என்று கேட்டுவிட்டு எனக்குப் போன் செய்தான். அதற்குள் பணம் போய்விட்டது.

நான் வீட்டுக்குப் போய்க் கத்தினேன். படித்தவர்தானே, இந்த வயசில் இப்படியா என்று என்னென்னவோ சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். சரி, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டாம் நாள் வேறொரு கடையில் இன்னும் 8,000 அனுப்பிவிட்டார்.

ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "நீ ஏசினேல்லா. பணம் வந்துட்டா உன் வாய அடைச்சிரலாம்னு நினைச்சேன். அவன் சார் சார்னு மரியாதையாப் பேசுதான்லே." அதற்கு என்னிடம் பதில் இல்லை. 36,300 ரூபாய் போனது அவனால். அந்த 8,000 போனதற்குக் காரணம் நான்தான்.

அவருடைய டைரியைப் பார்த்தேன். ஒவ்வொரு தொகைக்கும் நேரே "கே.லா. செலவு" என்று எழுதி, அடியில் கூட்டி, ஐந்து லட்சத்தில் கழித்து மீதி எழுதியிருந்தார். அந்த மீதியை என் தங்கை மகள் பெயருக்கு நேரே போட்டிருந்தார்.

உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடித்தேன். கடைசி 8,000 போய்ச் சில மணி நேரம்தான் ஆகியிருந்தது, அதை மட்டும் போன கணக்கிலேயே நிறுத்திவைத்தார்கள். கோர்ட் உத்தரவு வாங்கி அது கைக்கு வரப் பல மாதம் ஆனது. மற்றது போனது போனதுதான்.

ஆனாலும் அப்பா நம்பவில்லை. "ஒருவேளை நிசமா இருந்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு டாக்ஸி பிடித்து ஆரியங்காவுக்கே கூட்டிப் போனேன். அவருக்குப் பழக்கமான சீட்டுக் கடைக்காரர் போனை வாங்கிப் பார்த்தார். "அண்ணாச்சி, கேரளச் சீட்டு பேப்பரில் மட்டும்தான். போனில் விற்கிறதே கிடையாது. ஐயாயிரம் வரை விழுந்தா நானே தருவேன். அதுக்கு மேலன்னா முப்பது நாளுக்குள்ள சீட்டை ஆபீசில் கொடுக்கணும். வரி, கமிஷன் எல்லாம் பிடிச்சுக்கிட்டு மிச்சந்தான் கைக்கு வரும். முன்னாடி கட்டுன்னு எவனும் கேட்கமாட்டான்." நான் சொன்னதும் இதேதான். ஆனால் அன்றைக்குத்தான் அப்பா போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். வரும்போது ஐம்பது ரூபாய்ச் சீட்டு ஒன்று வாங்கிக்கொண்டார், நானே காசு கொடுத்தேன்.

கும்பகோணத்து மருமகள்:

எங்கள் அத்தைக்கு வந்தது போன் இல்லை, ரிஜிஸ்டர் தபால். உள்ளே சுரண்டுகிற அட்டை. சுரண்டினால் கார், 8,50,000 ரூபாய் மதிப்பு. டிவியில் பார்த்து மூட்டுவலித் தைலம் ஒன்றை வரவழைத்திருந்தார். அந்த விலாசம்தான் கைமாறியிருக்க வேண்டும், கதவு எண் வரைக்கும் சரியாக இருந்தது.

அவர் சாமர்த்தியக்காரி. கார் மதிப்பில் ஒரு பர்சென்ட்டை முன்னாடியே கட்டச் சொல்லிப் போன் செய்தவனிடம், "எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது, கார் எதுக்குப்பா? சரி, கொண்டு வந்து வாசல்ல நிறுத்து, சாவியைக் கையில கொடு, உன் ஒரு பர்சென்ட்டை அங்கேயே எண்ணித் தரேன்" என்று சொல்லியிருக்கிறார். அவன் வைத்துவிட்டான். இதை அவர் சொன்னபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பிறகு சாவகாசமாக, "ஆதார் அட்டை போட்டோ மட்டும் அனுப்பினேன், அது பரவாயில்லையா?" என்று கேட்டார். சிரிப்பு நின்றுவிட்டது. ஆதாரில் கைரேகைப் பூட்டு போட்டோம், பேங்கிலும் சொல்லிவைத்தோம். பணம் கொடுக்காவிட்டால் ஒன்றும் கொடுக்கவில்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார். பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள் போலிருக்கிறது.

கவுண்ட்டர் ஆள்:

வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு காட்சி மட்டும் சொல்கிறேன். வயதானவர் ஒருவர் எஃப்டியை உடைக்க வருவார், முகத்தில் வியர்வை. எதற்கு என்று கேட்டால் "பேத்தி கல்யாணம்" என்று டக்கென்று பதில் வரும், பாடம் பண்ணிய மாதிரி. சட்டைப் பையில் போன், அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும். எதிர்முனையில் இருப்பவன் நம் பேச்சையும் கேட்டுக்கொண்டிருப்பான்.

வாயால் கேட்டால் வேலைக்காகாது. பணம் கட்டும் சலானைத் திருப்பி, பின்பக்கம் எழுதுவேன்: "போனில் ஆள் இருக்கிறாரா? தலையை மட்டும் ஆட்டுங்கள்." ஒரு அம்மா அதைப் படித்துவிட்டு என்னையே பார்த்தார். தலை ஆடவில்லை, கண் கலங்கியது. போனை வாங்கி நானே நிறுத்தினேன்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பென்ஷன் வரும் கணக்கில் யுபிஐயும் ஏடிஎம் கார்டும் வேண்டாம். மாதச் செலவுக்குள்ளதை மட்டும் இன்னொரு கணக்கில் போட்டு, போனை அதோடு இணைத்துக்கொடுங்கள். போனால் அந்த மாதச் செலவோடு போகும். பெரியவர்கள் இதற்குச் சம்மதிப்பார்கள், "உங்களுக்குத் தெரியாது" என்று ஆரம்பிக்காமல் இருந்தால்.

தென்காசிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. அந்தக் கூத்து முடிந்து இரண்டு மாதம் கழித்து அப்பாவுக்கு மறுபடி அழைப்பு. இந்தத் தடவை சைபர் கிரைம் போலீஸ் என்று சொன்னான். போன தொகையைப் பைசா பிசகாமல் சொல்லி, அதை மீட்டுவிட்டோம், கோப்புக் கட்டணம் 3,000 அனுப்புங்கள் என்றான். ஏமாந்தவர்களின் பட்டியலையே விற்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். போனைப் பிடுங்கக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். அப்பா ஸ்பீக்கரில் போட்டு, டைரியை எடுத்து வைத்து, நிதானமாகச் சொன்னார்: "அந்த மூவாயிரத்த நீங்க மீட்ட பணத்துலயே கழிச்சிக்கிடுங்க சார்."

அவன் ஏதோ விதிமுறை என்று ஆரம்பித்தான். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "அப்ப நீரும் அவன் ஆளுதான்வே" என்று சொல்லிப் போனை வைத்தார்.