கந்தோரை யாழ்ப்பாணத்தில வைக்கிறதோ, கிளிநொச்சிக்குக் கொண்டுபோறதோ?

கேள்வி:
வணக்கம். நாங்கள் பிள்ளையளுக்குப் பின்னேர வகுப்பும் அம்மாமாருக்குச் சுயதொழில் பயிற்சியும் செய்யிற சின்ன அமைப்பு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில ஒரு வீட்டு விறாந்தையில தொடங்கினது, இப்ப ஸ்ராஃப் பதினாறு பேர், மேசை போட இடமில்லை, பைல் எல்லாம் குசினி றாக்கையில கிடக்கு. வேலை கூடினது கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம். போர்டில பாதிப்பேர் நல்லூரடியில வீடு எடுப்பம் எண்டினம், மற்றவை கிளிநொச்சிக்கே போவம் எண்டினம். என்ன செய்யலாம்?

சுன்னாகத்தான்:
நல்லூர் கோயிலடி வேண்டாம். திருவிழா 25 நாளும் றோட்டு பூட்டு, வான் உள்ள போகாது. மற்றது, வீட்டுக்காரர் கனடாவில, திறப்பு மச்சானிட்ட எண்டா அற்றோணி (வீட்டுக்காரர் குடுத்த அதிகாரப் பத்திரம்) ஆற்ற பேரில இருக்கெண்டு பார்த்திட்டு அக்ரிமென்ற் எழுதுங்கோ, எங்களை வருஷம் முடிய முன்னம் எழுப்பிப் போட்டினம்.

ஏ9 வாசி:
யாழ்ப்பாணத்தில இருந்து கிளிநொச்சி ஒரு பக்கம் மட்டும் 60 கிலோமீற்றருக்கு மேல, முல்லைத்தீவெண்டா பரந்தனில திரும்பி இன்னும் ஓடோணும். ஒரு மீற்றிங்குக்கு முல்லைத்தீவில வேலைசெய்யிற பிள்ளையளை யாழ்ப்பாண ரவுணுக்குக் கூப்பிட்டா பின்னேரம் மூண்டு மணியில இருந்து அவை பஸ்ஸை நினைச்சுக்கொண்டுதான் இருப்பினம். கிளிநொச்சியில கோச்சி ஸ்ரேஷனும் இருக்கு, அறிவியல்நகரில யாழ்ப்பாணக் கம்பஸ்ட இன்ஜினியரிங், விவசாய பீடங்கள் இருக்கிறதால தொண்டர்மாரும் கிடைப்பினம். ஆனா உங்கட கணக்காளர் பிள்ளையளின்ர பள்ளிக்கூடத்தை விட்டிட்டு வரமாட்டார், அதையும் யோசியுங்கோ.

கோண்டாவில் அக்கா:
தம்பி, போர்டில கையுயர்த்திக் கேக்கிற விஷயமில்லை இது. வான்ட றனிங் சார்ட்டை எடுத்து மூண்டு மாசம் எங்க ஓடினது எண்டு பாருங்கோ, டீசல் காசு எங்க போகுதோ அங்கதான் கந்தோர். கச்சேரி (மாவட்டச் செயலகம்) மாவட்டத்துக்கு ஒண்டு, எப்பிடியும் மூண்டுக்கும் அலையத்தான் வேணும். மாகாண அலுவலகங்கள் கனக்க கைதடி, யாழ்ப்பாணப் பக்கம் இருக்கிறபடியா இங்க ஒரு அறையும் கணக்காளரும் இருந்தாக் காணும். மேல்மாடி மலிவெண்டு எடுத்துப்போடாதேங்கோ, சண்டையில கால் இழந்த சனமும் உங்களிட்ட வரும். வாடகையை இப்பவே அடுத்த புறப்போசலில எழுதுங்கோ, பிறகு நிர்வாகச் செலவுக்கெண்டு கேட்டா டோனர்மார் முகம் சுழிப்பினம்.

சுன்னாகத்தான்:
அக்கா சொல்லுறது சரிதான், ஆனா ரெண்டு இடத்துக்கு ரெண்டு கரண்ட் பில், ரெண்டு இன்ரநெற் பில்லும் வரும்.

கேட்டவர்:
நன்றி அக்கா. சார்ட்டைப் பார்த்தன், பாதிக்கு மேல பரந்தனுக்கு அங்காலதான். ஆருக்கும் பரந்தன் சந்திக்கும் கிளிநொச்சி ரவுணுக்கும் இடையில கீழ்வீடு தெரிஞ்சா சொல்லுங்கோ, வளவுக்குள்ள வான் திரும்போணும், கிணத்துத் தண்ணி எப்பிடியெண்டும் சொல்லுங்கோ.