நவம்பரில் லஃபாயெட் மலை ஏறக் கிளம்புகிறவர்களுக்கு

பாஸ்டன், நாஷுவா பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் பலர், தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு நியூ ஹாம்ப்ஷயரின் ஃபிராங்கோனியா நாட்ச் பள்ளத்தாக்குக்குப் போய் லஃபாயெட் மலை ஏறலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் முதல் தடவை உச்சி வேண்டாம். ஓல்டு பிரைடில் பாத் என்ற பாதை வழியாக, மலையேறிகள் தங்கும் விடுதியான கிரீன்லீஃப் ஹட் வரை ஏறி, அதே வழியில் இறங்கிவிடுங்கள். போக 2.9 மைல், வர 2.9 மைல். குளிர்காலத்தில் அதுவே ஒரு முழு நாள் வேலை.

எல்லோரும் படத்தில் பார்த்து ஆசைப்படுவது, ஃபாலிங் வாட்டர்ஸ் என்ற இன்னொரு பாதை வழியாக ஏறி முகட்டில் நடந்து இறங்கும் 9 மைல் சுற்று. கோடையில் அதற்கு ஈடில்லை. நவம்பர் கடைசியில் ஓடையைக் கடக்கும் இடங்களில் கல்லெல்லாம் கண்ணாடி போல உறைந்து கிடக்கும். முகட்டுக்குப் போய்விட்டால் 1.7 மைலுக்கு ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. கார் நிறுத்தும் இடத்துக்கும் 5,249 அடி உச்சிக்கும் சுமார் 3,500 அடி வித்தியாசம். கீழே 35 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் மேலே 20 பக்கம் இருக்கும். மணிக்கு 40 மைல் காற்றும் சேர்ந்தால் உடம்புக்கு அது பூஜ்யம், செல்சியஸில் மைனஸ் 18. இந்த மலையில் நவம்பரில் உயிர் போயிருக்கிறது. அதனால் போனில் தெரியும் ஊர் வெப்பநிலையை நம்பிக் கிளம்பாதீர்கள். மவுண்ட் வாஷிங்டன் அப்சர்வேட்டரி உயர்ந்த சிகரங்களுக்கென்றே தனியாக முன்னறிவிப்பு வெளியிடுகிறது. முந்தின நாள் இரவும், கிளம்பும் காலையும் அதைப் பாருங்கள்.

சரி, ஐஸ் விஷயத்துக்கு வருவோம். டிசம்பர், ஜனவரியில் நிறையப் பனி விழுந்து, ஆட்கள் மிதித்து மிதித்துப் பாதை இறுகிவிடும். நடக்க அதுவே சுலபம். நவம்பரில் அப்படி இல்லை. மழைத் தண்ணீர் பாதையிலேயே வழிந்து இறங்கி, பகலில் இளகி இரவில் உறையும். அதன் மேல் உதிர்ந்த இலை மூடிக்கொள்ளும். காய்ந்த இலை என்று கால் வைத்தால் அடியில் வழுக்கும். பிரைடில் பாத்தில் பாதி தூரத்துக்கு மேல் பாறை மேடுகள் வரும். அங்கிருந்து முகடு முழுவதும் தெரியும். நின்று பார்க்க வேண்டிய இடம், நின்று யோசிக்க வேண்டிய இடமும்கூட. அதற்கு மேல்தான் செங்குத்தான பாறைச் சரிவுகள், ஐஸும் அங்கேதான் அதிகம்.

மைக்ரோஸ்பைக்ஸ் இல்லாமல் போகவே போகாதீர்கள். ஷூவுக்கு மேல் இழுத்து மாட்டும் ரப்பர் வளையம், அடியில் சங்கிலி, சின்ன இரும்புப் பற்கள். வீட்டு வாசலில் நடக்க விற்கும் சுருள் கம்பி வகை பாறையில் பிய்ந்துவிடும். வழுக்க ஆரம்பித்த பிறகு ஒற்றைக் காலில் நின்று மாட்ட முடியாது. முதல் ஐஸைக் கண்டதுமே ஓரமாக உட்கார்ந்து மாட்டிவிடுங்கள். இறங்கும்போதுதான் விழுவது அதிகம். அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபடி சறுக்குவது மட்டும் கூடாது. பல் எங்காவது மாட்டினால் கணுக்கால் போய்விடும்.

ஜீன்ஸ், பருத்திப் பனியன் இரண்டும் வேண்டாம். ஈரமானால் காயாது. கிளம்பும்போதே தடித்த ஜாக்கெட் போட்டால் அரை மணியில் வேர்த்து நனைந்துவிடும், நின்ற ஐந்தாவது நிமிடம் உடம்பு நடுங்கும். லேசாகக் குளிருகிற மாதிரியே நடக்க ஆரம்பியுங்கள். ஜாக்கெட் பையில் இருக்கட்டும், நிற்கும்போது போட்டுக்கொள்ளலாம். மாற்றிக்கொள்ள ஒரு மேல்சட்டையும் இரண்டாவது ஜோடி கையுறையும் அவசியம். கூட வருபவர் பேச்சுக் குழறினாலோ, ஜிப்பைப் போட முடியாமல் விரல் தடுமாறினாலோ களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். குளிர் உள்ளே இறங்கிவிட்டது. காய்ந்த உடை, சூடான இனிப்பு பானம், உடனே இறக்கம்.

சாப்பாட்டுக்குப் புளிசாதம் கட்டாதீர்கள். கையுறையைக் கழற்றிப் பிசைந்து சாப்பிடுவதற்குள் விரல் மரத்துவிடும். சப்பாத்தியில் பொடியும் நெய்யும் தடவி இறுகச் சுருட்டி, ஜாக்கெட்டின் உள்பையில் வையுங்கள். உடம்புச் சூட்டில் மெத்தென்று இருக்கும், கையுறையோடே கடிக்கலாம். ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபி. தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். மேல் பக்கம்தான் முதலில் உறையும், இப்படி வைத்தால் மூடி அடைக்காது. ஹட் அக்டோபரிலேயே மூடிவிடுவார்கள், மேலே தண்ணீரோ கழிப்பறையோ எதிர்பார்க்காதீர்கள்.

அப்புறம் நேரம். அந்த வாரத்தில் மாலை நாலேகாலுக்குள் சூரியன் மறைந்துவிடும். விடிந்ததும் ஏறத் தொடங்குங்கள். மதியம் பன்னிரண்டு ஆனதும், எங்கே இருந்தாலும் திரும்புங்கள். ஹெட்லேம்ப் ஆளுக்கு ஒன்று வேண்டும். போன் விளக்கை நம்ப முடியாது, குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். வரைபடத்தை முன்பே தரவிறக்கி, போனையும் உடம்போடு ஒட்டி வையுங்கள். மான் வேட்டைக் காலம் என்பதால் ஆரஞ்சு நிறத் தொப்பியோ மேலங்கியோ போடுவது நல்லது.

ஒருவேளை மீட்புக் குழு வரவேண்டியிருந்தால், அது உங்கள் அஜாக்கிரதையால் என்று முடிவானால், நியூ ஹாம்ப்ஷயரில் செலவை உங்களிடமே வசூலிக்கலாம். அந்தச் செலவிலிருந்து விலக்குத் தருவது ஹைக் சேஃப் கார்டு. தனி ஆளுக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35. அந்தப் பணம் மீட்புப் பணிக்குத்தான் போகிறது, தயங்காமல் வாங்குங்கள். வேண்டுமென்றே ஆபத்தில் இறங்கினால் கார்டும் காப்பாற்றாது.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும், கைக்குழந்தையையும் இந்தப் பாதையில் ஏற்றாதீர்கள். முதுகில் தூக்கிச் செல்லும் குழந்தை நடப்பதில்லை, அதனால் நமக்கு வேர்க்கும்போது அதற்கு உறையும். அவர்களுக்கு அதே பள்ளத்தாக்கில் புரொஃபைல் ஏரிக்கரை இருக்கிறது. 2003-ல் இடிந்து விழுந்த ‘ஓல்டு மேன்’ பாறை முகம் இருந்த இடத்தை அங்கிருந்து அண்ணாந்து பார்க்கலாம். தட்டையான பாதைதான், இருந்தாலும் அங்கேயும் ஐஸ் இருக்கும். அவர்களுக்கும் ஒரு ஜோடி மைக்ரோஸ்பைக்ஸ் எடுத்துப் போங்கள்.