விரைவிசையா, சுருக்குவிசையா? வெள்ளிக்கிழமைக்குள் முடிவு வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

ஊராட்சி அலுவலகப் பணியாளர்களுக்கான கணினிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சுட்டியைத் தொடாமல் விசைகளாலேயே வேலையை முடிப்பது பற்றி அதில் ஓர் அதிகாரம். திரையின் அடியில் தெரியும் பணிப்பட்டையில் முதலில் பொருத்திய செயலி, விண்டோஸ் விசையோடு 1 அழுத்தினால் திறக்கும், அடுத்தது 2-க்கு. எனவே அன்றாடம் வேண்டியதை முன்னால் வைத்துக்கொண்டாலே பாதி வேலை மிச்சம்.

வரைவில் 'விசைப்பலகைக் குறுக்குவழி' என்று எழுதியிருந்தேன். பயிற்சிக்கு வந்த ஓர் அம்மா, "குறுக்குவழியில போனா மாட்டிக்குவோமே சார்" என்றார். அவர் சொல்வது நியாயம்தான். நம் பேச்சில் குறுக்குவழி என்றாலே முறைகேடு. வேறு சொல் தாருங்கள். அப்படியே 'முகப்புத் திரை' சரியா என்றும் சொல்லுங்கள்.

— விழுப்புரம்

*

தம்பி, 'விரைவிசை' என்று வையுங்கள். விரைந்த, விரைகின்ற, விரையும் விசை. நல்ல வினைத்தொகை. விசைக்குள்ளேயே வேகம் இருக்கிறது, விசைப்படகைப் பாருங்கள். 'கன்ட்ரோல்' வேண்டாம், 'கட்டுப்பாட்டு விசை' என்றே எழுதுங்கள்.

இன்னொன்று. நகலெடுக்கக் கட்டுப்பாட்டு விசையோடு ஆங்கில சி-யைத்தானே அழுத்துகிறோம்? தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் அந்த சி இருக்கும் இடத்தில்தான் நம் ஒ. நகலெடுப்பதை 'ஒற்றுதல்' என்று சொல்லிவிட்டால் எழுத்தும் செயலும் பொருந்திவிடும்.

— தஞ்சாவூர்

*

ஐயா, ஒட்டுவதும் ஒ-வில்தானே தொடங்குகிறது? படிப்பவர் ஒட்டப் போய் ஒற்றிவிடுவார்.

விரைவிசை வினைத்தொகைதான். ஆனால் விரைவது விசையா, அதை அழுத்துகிற ஆளா? விசையிலேயே வேகம் இருக்கிறது என்றால் விரைவிசை 'கூறியது கூறல்' ஆகிவிடாதா? 'சுருக்குவிசை' என்போம். சுருக்கெழுத்து ஏற்கெனவே அலுவலகங்களில் புழங்கிய சொல். 'சுருக்கா வா' என்றால் சீக்கிரம் வா என்று எல்லோருக்கும் தெரியும். குறுக்கமும் வேகமும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன.

— கோவை

*

சுருக்கு என்றால் கயிற்றில் போடும் கண்ணியும்தானே?

— தஞ்சாவூர்

*

நாங்கள் இங்கே 'கெதியா வா' என்போம். 'கெதிவிசை' என்றால் யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

— யாழ்ப்பாணம்

*

கெதி வடமொழிக் 'கதி'. தமிழில் சொல் இருக்கும்போது கடன் எதற்கு?

— தஞ்சாவூர்

*

ஐயா, 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்று தொல்காப்பியர் சொல்லிவிட்டார். எங்கள் அம்மம்மாமார் வாயில் புழங்கும் சொல்லைக் கடன் என்று தள்ளலாமோ? ஆனால் கையேடு தமிழ்நாட்டுக்கு என்பதால் சுருக்குவிசைக்கும் நான் சம்மதம். சுருக்காய் என்பது எங்களுக்கும் விளங்கும்.

— யாழ்ப்பாணம்

*

அனைவருக்கும் நன்றி. பெரும்பாலோர் சுருக்குவிசை பக்கம் இருப்பதால் அதையே அச்சுக்கு அனுப்புகிறேன். முகப்புத் திரையை யாரும் மறுக்கவில்லை, அது அப்படியே இருக்கட்டும்.

கன்ட்ரோலை மட்டும் என்னால் மாற்ற முடியாது, ஐயா. ஜெர்மன் பலகைகளில் அந்த விசையின் மேலேயே 'ஸ்டொயருங்' என்ற அவர்கள் சொல்லின் சுருக்கம் அச்சிட்டிருக்கும். அதனால் அவர்கள் புத்தகத்திலும் அப்படியே எழுதலாம். எங்கள் பயிற்சிக்கூடப் பலகைகளில் ஆங்கிலம் மட்டும்தான். 'கட்டுப்பாட்டு விசையை அழுத்தவும்' என்று படித்துவிட்டு, பலகை முழுக்க விரலை ஓட்டித் தேடியவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வேகமாக வேலை செய்யச் சொல்லித் தருகிற பக்கத்திலேயே அவர்களைத் தடுமாற விடக்கூடாது. விசையில் தமிழ் அச்சேறும் நாளில் நானே முதலில் மாற்றுவேன்.

— விழுப்புரம்

*

அச்சிடுங்கள் தம்பி, வேலை நிற்க வேண்டாம். ஆனால் என் கருத்து மாறவில்லை. பின்னிணைப்பில் கலைச்சொல் பட்டியல் இருந்தால் சுருக்குவிசைக்குப் பக்கத்தில் விரைவிசையையும் சேருங்கள். 'ஒற்றுதல்' பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

— தஞ்சாவூர்