ஸ்காஃபோல்டிங்: தமிழில் ஒரு சொல் வேண்டும் (வியாழனுக்குள்)

நீடாமங்கலம் | ஞாயிறு இரவு 9.40

மடற்குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை எங்கள் குறுவளமையத்தில் ஆசிரியர் கூட்டம். அதற்காக 14 பக்கப் பயிற்சிக் கட்டகம் (கையேடு) ஒன்றைத் தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வியாழன் மாலை ஜெராக்ஸுக்குப் போயாக வேண்டும். மற்றதெல்லாம் ஒருவழியாக ஓடிவிட்டது, கற்கும் பிள்ளைக்குக் கொஞ்ச காலம் தருகிற துணையைக் குறிக்கும் ‘ஸ்காஃபோல்டிங்’ மட்டும் இடிக்கிறது. 31 இடத்தில் வருகிறது. கணினியில் போட்டேன், ‘சாரக்கட்டு’ என்றது. ‘மெல்லக் கற்கும் மாணவர்களுக்குச் சாரக்கட்டு வழங்குக.’ எங்கள் தலைமையாசிரியர் இதைப் படித்தால் மூங்கிலுக்கு எந்தக் கணக்கில் பில் போடுவது என்று கேட்பார்.

வகுப்பில் நான் செய்வதைச் சொல்கிறேன், நீங்கள் பெயர் வையுங்கள். நாலாம் வகுப்பில் ஒரு பையன். ‘84 முடி (கட்டு) நாற்று. ஓர் ஆள் ஒரு நடைக்கு 12 முடி தூக்குவார். எத்தனை நடை?’ அவன் அம்மா நடவுக்குப் போகிறவர், நாற்றுமுடி அவனுக்குத் தெரியாததில்லை. ஆனால் பலகையில் கணக்காக எழுதிவிட்டால் கை நகராது. முதல் நாள் விளக்குமாற்றுக் குச்சி 84 எண்ணிக் கொடுத்து, பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டச் சொன்னேன். மறுநாள் குச்சி கிடையாது, கோடு மட்டும். மூன்றாம் நாள் கோடும் கிடையாது. ‘ஒரு நடைக்கு எவ்வளவுடா?’ என்று கேட்டதோடு சரி. நாலாம் நாள் நான் வாயே திறக்கவில்லை. ‘ஒரு நடைக்கு எவ்வளவு’ என்று அவனே முணுமுணுத்துக்கொண்டு ஏழு என்று எழுதினான். இதற்கு என்ன பெயர்?


மயிலாடுதுறை | ஞாயிறு இரவு 10.25

டீச்சர் செய்ததுதான் சொல்லின் அசல் பொருள். எங்கள் பி.எட். பிள்ளைகள் இதை ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி தலையில் கட்டுவார்கள். பிள்ளை தனியே எட்டுவதற்கும் துணையோடு எட்டுவதற்கும் இடையில் உள்ள வெளி என்ற கருத்துதான் அவருடையது. அவர் 1934-லேயே போய்விட்டார். சொல்லைப் புழக்கத்தில் விட்டது உட், ப்ரூனர், ராஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1976-ல் எழுதிய கட்டுரை. மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் 30 பேர். 21 மரக்கட்டைகளைப் பொருத்திப் பிரமிடு கட்ட வேண்டும், பக்கத்தில் ஓர் ஆசிரியை. பிள்ளை தடுமாறினால் உதவி கூடும், ஓடத் தொடங்கினால் குறையும். ஆகவே நம் சொல்லில் தாங்குவதும் இருக்க வேண்டும், விலகுவதும் இருக்க வேண்டும். ‘ஆதரவு’, ‘கைத்தாங்கல்’ எல்லாம் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன.


கும்பகோணம் | திங்கள் காலை 5.10

இதற்கு ஏன் இத்தனை அலைச்சல்? ‘கற்றில னாயினுங் கேட்க அஃதொருவற்கு ஒற்கத்தின் ஊற்றாந் துணை’, 414. அடுத்த குறளிலேயே ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல்’. கேள்வி அதிகாரம், அதாவது வகுப்பறை அதிகாரம். வழுக்குகிற இடத்தில் ஊன்றுவோம், கரையேறினால் கோலைப் போட்டுவிட்டு நடப்போம். மயிலாடுதுறையார் கேட்ட இரண்டும் இருக்கின்றன. ஊன்று என்பது ஊற்று என வலித்து வந்தது. 31 இடத்திலும் ஊற்றுக்கோல் என்று போட்டு வேலையை முடியுங்கள் அம்மா.

‘சாரம்’ பக்கம் மட்டும் போகாதீர்கள். ‘பாடத்தின் சாரம்’ என்றால் பிழிவு. அது வடமொழி.


மன்னார்குடி | திங்கள் காலை 8.05

> அது வடமொழி.

அந்தச் சாரம் வடமொழியாக இருக்கலாம். நான் தினமும் கட்டுகிற சாரம் சார்தல் என்ற வினையில் பிறந்தது. கட்டட வேலையில் இருபது வருஷம் ஆகிறது. கொத்தனாரும் சித்தாளும் சொல்கிற சொல்லை விட்டுவிட்டுக் கோலை எதற்குத் தேடுகிறோம்? சவுக்கும் மூங்கிலும் கயிறும் போட்டு ஏற்றுவது பாதி வேலை, பிரிப்பது மீதிப் பாதி. சாரம் பிரிக்காத வீட்டில் யாராவது பால் காய்ச்சிப் பார்த்திருக்கிறீர்களா? ‘விலகுவது’ சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கணினி ஒட்டிய ‘கட்டு’தான் உபரி.

தஞ்சைப் பெரிய கோயில் உச்சிக்குக் கல் ஏற்றச் சாரப்பள்ளத்திலிருந்து சாரம் போட்டார்கள் என்பது எங்கள் பக்கத்துக் கதை. கதையோ நடப்போ, ஊர்ப்பெயரில் சொல் நிற்கிறது.


தஞ்சாவூர் | திங்கள் காலை 8.30

பிழைக்க வந்தது தஞ்சாவூர் என்றாலும் பிறந்தது திருநெல்வேலி. எங்களுக்குச் சாரம் என்றால் இடுப்பில் கட்டுகிற கைலி. ‘ஆசிரியர் சாரத்தைப் படிப்படியாக அகற்ற வேண்டும்’ என்று கட்டகத்தில் வந்தால் நான் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை.


நீடாமங்கலம் | திங்கள் மாலை 5.20

சிரித்து முடியவில்லை. ஆனால் எங்கள் கூட்டத்தில் நெல்லைக்காரர் யாரும் இல்லை, தப்பித்தேன்.

கும்பகோணம் ஐயா, ஊற்றுக்கோலை இன்று சக ஆசிரியர்களிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருவர், ‘எதை ஊற்றுகிற கோல்?’ என்றார். எங்கள் பிள்ளைகளுக்கு ஊற்று என்றால் கோடையில் வெண்ணாற்று மணலில் தோண்டுவது. பக்கத்து வகுப்பு டீச்சர் மட்டும், ‘நீங்க சொல்றது நடைவண்டிதானே?’ என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு அது பிடித்துவிட்டது.


மன்னார்குடி | திங்கள் இரவு 7.15

எட்டாம் வகுப்புப் பையனுக்கு நடைவண்டி கொடுத்தால் நம்மையே அடிப்பான்.


கும்பகோணம் | செவ்வாய் காலை 4.55

பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதற்காக வள்ளுவரைக் கைவிடுவதா? தெரியாததைத் தெரிய வைக்கத்தானே பள்ளிக்கூடம்? பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீட்டுக்கு ‘வளரறி மதிப்பீடு’ என்ற சொல் வந்தபோது யாருக்குத் தெரியும்?

சாரம் பற்றி: சார்தல் தமிழ்தான், மன்னார்குடியாருக்கு அதை விட்டுக்கொடுக்கிறேன். விட்டுக்கொடுத்ததோடு ஒரு பரிசும் தருகிறேன். ‘சார்புணர்ந்து சார்பு கெட ஒழுகின்’, 359. சார்பை அறிந்து, பிறகு அச்சார்பு கெட ஒழுகுவது! ப்ரூனர் 1976-ல் சொன்னது இதுதானே? சார், சார்பு, சாரம், சாரல், சார்த்து, தாழ்வாரத்துச் சார்ப்பு என இந்த வேர் கிளைக்கும் அழகை ஒரு தனி மடலாக எழுதுகிறேன். சாரல் மலையைச் சார்ந்து பெய்வது. சாரை கூட...


தஞ்சாவூர் | செவ்வாய் காலை 7.40

ஐயா, 359 மெய்யுணர்தல் அதிகாரம். அங்கே சார்பு கெட்டால் கிடைப்பது வீடுபேறு. நாலாம் வகுப்புப் பையன் வகுத்தல் கணக்குப் போட்டால் போதும்.

வளரறியைச் சொன்னீர்கள். அதையே பாருங்கள். முப்பருவ முறையோடு வந்த சொல். வளரறிக்கு 40, பருவ முடிவில் வைக்கும் தொகுத்தறிக்கு 60 என்று பதிவேட்டில் இருக்கிறது. ஆசிரியர் அறையில் வளரறியின் ஆங்கிலச் சுருக்கத்தில் ‘எஃப்.ஏ. மார்க் ஏத்தியாச்சா?’ என்றுதான் குரல் கேட்கிறது. 2022-ல் தொடக்க வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோது கற்றல் நிலைகளை அரும்பு, மொட்டு, மலர் என்றார்கள். ஒரே வாரத்தில் பிள்ளைகள் வாயில் ஏறிவிட்டது. ஏறியதில் ஒரு வம்பும் உண்டு. ‘என் புள்ள இன்னும் அரும்பாவே இருக்கானே சார்’ என்று ஒரு தகப்பனார் என் முன்னால் வந்து நின்றார். எளிய சொல் எளிதாகக் குத்தவும் செய்யும்.


திருவாரூர் | செவ்வாய் இரவு 9.05

நான் சிறப்பாசிரியர். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எந்தச் சொல் வேண்டுமானாலும் வையுங்கள். ஆனால் அந்தக் கட்டகத்தின் மூலம் என்னிடமும் இருக்கிறது. 31 இடத்தில் ஏழெட்டு இடம் ஸ்காஃபோல்டிங்கே அல்ல. பார்வைக் குறைவுள்ள பிள்ளைக்குப் பெரிய எழுத்துத் தாள், காது கேளாத பிள்ளையை ஆசிரியர் வாய் தெரியும்படி உட்கார வைப்பது, டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிரமம் உள்ளவருக்குக் கேள்வியைப் படித்துக் காட்டுவது எல்லாவற்றையும் அதே சொல்லுக்குள் அடைத்திருக்கிறார்கள். முடிவில் ஒரே வரி: ‘படிப்படியாக விலக்குக.’

இதனால் என்ன ஆகும் என்று நான் பார்த்தேன். ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பெண். பெரிய எழுத்தில் அச்சடித்த தாளில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். அரையாண்டுக்குப் பிறகு போனால் மற்றவர்களுக்குக் கொடுத்த அதே தாள் அவள் கையில். மூக்கு தாளைத் தொடுகிறது. கேட்டால், ‘நல்லா முன்னேறிட்டா, அதான் விலக்கிட்டோம்’ என்கிறார்கள். கெட்ட எண்ணமே இல்லை. பயிற்சியில் சொன்னதைச் செய்திருக்கிறார்கள்.

கணக்குப் பையனின் குச்சியை விலக்கலாம். கண்ணாடி போட்டவர் நன்றாகப் படிக்கிறார் என்று கண்ணாடியைக் கழற்றுவோமா? பத்தாம் வகுப்புத் தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் தருகிறோம். முன்னேறிவிட்டார் என்று அரை ஆளாகக் குறைப்போமா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அது உரிமை.

ஊற்றுக்கோல் என்றதும் ஐயா மனத்தில் பார்வை இழந்த சுந்தரர் இருந்திருப்பார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் ஒரு கண், எங்கள் ஊரில் இன்னொரு கண். அதன் பிறகு கோல் வேண்டியிருக்கவில்லை. அது ஸ்காஃபோல்டிங். ஆனால் எங்கள் ஊரில் தண்டியடிகளும் இருக்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். குளத்துக்குள் ஒரு தறி, கரையில் ஒரு தறி நட்டுக் கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்தவர். எதிர்த்தவர்கள் என்ன செய்தார்கள்? தறியைப் பிடுங்கினார்கள். பிற்பாடு அவருக்கும் கண் வந்தது என்பது புராணம். கண் வராத நாளில் அந்தக் கயிறுதான் அவருக்கு வழி. இரண்டுக்கும் ஒரே சொல் வைக்காதீர்கள்.


மயிலாடுதுறை | செவ்வாய் இரவு 10.50

இதைப் படித்த பிறகு பழைய மடல்கள் எல்லாம் விளையாட்டாகத் தெரிகின்றன. சரி, இரண்டு சொல். ‘நீங்குதுணை’, ‘நீங்காத்துணை’. முன்னது வினைத்தொகை, காலம் காட்டாது, ஆகவே நீங்கிய, நீங்குகிற, நீங்கும் துணை எல்லாம் அடக்கம். பின்னது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். துணை 414-லிருந்து வருவதால் கும்பகோணத்தாரும் கோபிக்க மாட்டார்.


கும்பகோணம் | புதன் காலை 4.40

கோபிக்கவில்லை. ஆனால் நீங்குதல் தன்வினை. துணை தானாக நீங்குமா? ஆசிரியர் அல்லவா நீக்குகிறார்? ‘நீக்குதுணை’ என்பதே பொருந்தும். ‘உள்ளடங்கிய கல்வி’ என்று சிலர் எழுதி, ‘உள்ளடக்கிய கல்வி’ என்று திருத்த நாம் பட்ட பாட்டை மறந்தீர்களா? பிள்ளை தானே அடங்கினால் உள்ளடங்கிய. பள்ளி அவனை அடக்கிக்கொண்டால் உள்ளடக்கிய. ஒரு மெய்யெழுத்தில் பொறுப்பு யாருடையது என்பது மாறிவிடுகிறது.

திருவாரூர் அம்மையார் சொன்ன, விலக்கக் கூடாத உதவிக்கு வசதி என்ற வடசொல் வேண்டாம், ‘ஏந்து’ இருக்கிறது.


நீடாமங்கலம் | புதன் காலை 6.15

ஐயா, அந்தப் பையனின் கடைசிக் கேள்வியை நான் நீக்கவில்லை. நான் சும்மா இருந்தேன், அவன் எடுத்துக்கொண்டான். குச்சியை நீக்கியது நான். ஆகவே முதல் மூன்று நாள் நீக்குதுணை, நாலாம் நாள் நீங்குதுணை! இப்படிப் போனால் 31 இடத்திலும் நின்று யோசிக்க வேண்டிவரும்.


திருவாரூர் | புதன் காலை 7.30

> ‘ஏந்து’ இருக்கிறது.

காதில் ‘கையேந்து’ என்று விழுகிறது. உரிமை என்று இப்போதுதான் சொன்னேன். நீங்காத்துணை இருக்கட்டும். நடைவண்டி பற்றி யாரோ கேட்டார்கள்: நடக்க முடியாத பிள்ளை உட்கார்ந்திருக்கும் வகுப்பில் நான் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டேன்.


மட்டுறுத்துநர் | புதன் இரவு 8.00

இழையில் 46 மடல்கள் ஆகிவிட்டன. அவற்றில் ஒன்பது சாரைப் பாம்பைப் பற்றியவை. டீச்சருக்கு நாளை மாலை கெடு. கைதூக்கிய 11 பேர் கணக்கு: சாரம் 6, நீங்குதுணை 3, ஊற்றுக்கோல் 1, நடைவண்டி 1. மற்றதற்கு நீங்காத்துணை, மறுப்பில்லை. சாரைக்குத் தனி இழை தொடங்கவும்.


கும்பகோணம் | புதன் இரவு 8.20

வாக்கெடுப்பில் சொல் பிறப்பதில்லை. என் மாறுபாட்டைப் பதிகிறேன்.


நீடாமங்கலம் | சனி காலை 10.10

எல்லோருக்கும் நன்றி. சாரம் என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் ‘வேலை நடக்கும்வரை கட்டி, பிறகு பிரிக்கும் துணை’ என்று விளக்கம் சேர்த்தேன். திருவாரூர் அக்கா குறித்துக் கொடுத்த எட்டு இடங்களைப் பிரித்து நீங்காத்துணை என்று மாற்றினேன். கூட்டத்தில் பாதிப் பேர் சாரம் என்றார்கள், பாதிப் பேர் ஸ்காஃபோல்டிங் என்றே சொன்னார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் கடைசிவரை நடைவண்டிதான். மன்னார்குடி சார் சொன்ன ‘பால் காய்ச்சும்’ உவமையை நான் என்னுடையது போல எடுத்து விட்டேன், மன்னிக்கவும். கோப்பை இணைத்திருக்கிறேன்.


திருவாரூர் | சனி காலை 11.35

டீச்சர், ஒன்பதாம் பக்கம் பாருங்கள். ‘பார்வைக் குறைவுள்ள மாணவருக்கு நீங்கத் துணை.’ ஒரு துணைக்கால் விழுந்துவிட்டது. பொருளே தலைகீழ்.


கும்பகோணம் | சனி காலை 11.50

துணைக்கால்! இத்தனை நாள் கண்முன்னே இருந்ததே! மெய்யும் உயிரும் சேர்ந்து நிற்க ஒரு கால். அது விழுந்தால் எழுத்தே மாறிவிடுகிறது. இதையே கலைச்சொல்லாக...


திருவாரூர் | சனி பகல் 12.05

ஐயா, பிறகு பேசுவோம். டீச்சர், திருத்திய பக்கத்தை மட்டும் மதியத்துக்குள் அனுப்ப முடியுமா? அந்தப் பெண் படிக்கும் பள்ளிக்கு இந்தக் கட்டகம் நேற்றே போய்விட்டது. திங்கட்கிழமை நான் அங்கே போகிறேன், கையோடு மாற்றி வைத்துவிடுகிறேன்.